மீன்காரர் போடுகிற டயர்

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றது, ஒருத்தன் என் அக்காள் பெற்றது. அக்காள் பிரசவத்தோடு போய்விட்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவன் என்னுடையவன். கேட்கிறவர்களிடம் ஐந்து என்றே சொல்வேன். நாலும் ஒண்ணும் என்று நான் பிரித்துச் சொன்னதில்லை, யாரையும் சொல்ல விட்டதுமில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு நாலு வரி என்றாலும் இதை நானே எழுதவேண்டும் என்று இருந்தது.

ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தோம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. எங்க வீட்டில் அவிய, என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், கடைத்தெருவில் மூட்டை இறக்கினார்கள். முதுகு பிடித்துப்போய் அந்த வேலை நின்ற பிறகு நான் மாவு ஆட்ட ஆரம்பித்தேன். கிழக்கேகோட்டையில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகத் தோசை மாவு கொடுத்தேன். தூக்குவாளிகளைச் சுமந்து தோள் நொந்துபோய், மகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய லேடீஸ் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன். அப்போது நாற்பது தாண்டிவிட்டது எனக்கு.

ஓட்டப் பழக்கியவன் அக்காள் மகன்தான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவான். "சித்தி, தரையைப் பாக்காதீங்க. தரையைப் பாத்தா தரைக்குத்தான் போவீங்க" என்பான். விழுந்தால் சிரிப்பான். சிரித்துவிட்டுத்தான் தூக்குவான். அக்கிரகாரத்து மாமி ஒருத்தி வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டி, மாவு புளிக்கறதுக்குள்ள வந்து நிக்கறயே, வண்டியில குதிரையா கட்டியிருக்கே?" என்று கேட்பாள். "ஆமா மாமி, அதுக்கும் சேத்துத்தான் கொள்ளு ஊறப்போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நான் மணியடித்துப் போவேன். எனக்கு அதில் பெருமைதான். எதற்கு மறைக்க.

அவன் வயரிங் வேலை படித்தான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர்க் கட்டடங்கள் ஒன்றொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அவ்வளவு தூரமும் தினமும் சைக்கிளில்தான் போய் வருவான். பஸ்ஸில் நிற்கப் பிடிக்காது. சைக்கிளை அவனே கழற்றி, அவனே துடைத்து, அவனே பூட்டுவான். மற்றப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி அவன் தன் சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்துப் போட்டிருந்தான்.

பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருஷம்தான் சோர்வு என்று படுத்தான். பல் தேய்த்தால் ரத்தம். கையில் காலில் நீலம் நீலமாகத் தடம். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்திலேயே நோய் என்றார்கள். மருந்து ஏற்றுவார்கள், சில நாள் விடுவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். உடம்பில் சத்து இருந்தால்தான் அடுத்த மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கூட இருக்க ஒருத்தருக்குத்தான் அனுமதி. அவிய இருந்தார்கள். மற்றவர்கள் சாயங்காலம் நாலு மணிக்குமேல் போய் ஆறு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஆறு அடித்தால் கேட் அடைத்துவிடுவார்கள். அது எல்லாருக்கும் உள்ள சட்டம்.

மருந்தினால் அவன் வாய் முழுக்கப் புண். ஆஸ்பத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நான் குருணை அரிசியைக் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டி, தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டுக் கொண்டுபோவேன். அதுவும் நான் ஸ்பூனால் கொடுத்தால்தான். அவியளுக்குக் கை நடுங்கும், புண்ணில் படும். பகல் முழுக்க இளநீரில் கிடப்பான். நாலு மணிக்குமேல் என் கையால்தான் கஞ்சி. ஆகவே ஆறு மணிக்குள் நான் அந்தக் கேட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு கவலை என்று ஒன்று கிடையாது.

முதலில் பஸ்ஸில்தான் போனேன். இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், செக்ரடேரியட் முன்னால் ஏதாவது சமரம் இல்லாத நாள் கிடையாது. கொடி பிடித்துக் கூட்டம் ரோட்டில் உட்கார்ந்துவிடும். பஸ் அப்படியே நிற்கும். என் மடியில் கஞ்சி ஆறும். அதனால் சைக்கிளை எடுத்தேன். வஞ்சியூர் வழியாகப் பேட்டை போய், கண்ணம்மூலை இறங்கி, குமாரபுரம் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு ஏறினால் ஆஸ்பத்திரி. ஒரு சமரமும் அந்த வழிக்கு வராது.

ஆனால் டயர் பழசு. மகள் ஓட்டித் தேய்த்தது, நான் மாவு ஏற்றித் தேய்த்தது. பின்டயரில் ஒரு இடத்தில் நூல் தெரிந்தது. ஒரு நாள் கண்ணம்மூலைப் பக்கம் ஓடைக்குத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் ஆணி ஏறிவிட்டது. கடை தேடி ஒட்டினேன். ஏற்றம் தொடங்கும்போது நூல் தெரிந்த இடத்தில் ட்யூப் பிதுங்கி, டப்பென்று போய்விட்டது. ஒரு கையில் சைக்கிள், ஒரு கையில் தூக்கு. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது கேட் அடைத்துவிட்டார்கள்.

காவல்காரர் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மச்சி, நான் கொடுத்தயக்காம்" என்று தூக்கை வாங்கி மேலே கொடுத்தனுப்பினார். ஆனால் கஞ்சி போனால் போதுமா?

மறுநாள் பஸ்ஸில் போனபோது அவிய சொன்னார்கள். "ராத்திரிவரைக்கும் வாசலையே பாத்துட்டுக் கெடந்தான் பிள்ள. நான் கொடுத்ததுக்கு வாயத் தொறக்கல. 'சித்தி எங்கயாவது விழுந்துட்டாங்களா, ஆள அனுப்பிப் பாருங்க'ன்னு இதையே கேக்கான்."

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் டயர் வாங்கக் கிளம்பினேன். மாவுக்கு வீடுகளில் லீவு சொல்லிவிட்டேன். மூத்த மகன் கூட வந்தான். அவனுக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை. முந்தின நாள் டாக்டர் அவனை வரச் சொல்லிப் பேசியிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "மருந்து மாத்துறாங்களாம்" என்றான். நான் நம்பினேன்.

சாலைக் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். இங்கேயே இருந்து பேச்சில் பாதி மலையாளமாகிவிட்டது. சுவரில் ஆணியடித்து டயர்களை வளையல் மாதிரி மாட்டியிருப்பார்.

"அக்கா வாங்க. ட்யூபா, டயரா?"

"ரெண்டும். முன்னாலயும் பின்னாலயும். ஆணி ஏறாத டயர் வேணும்."

அவர் சிரித்தார். "ஆணி ஏறாத டயர் எந்தக் கம்பெனிக்காரன் போடுகான்? அப்படிப் போட்டா நாங்க கடையப் பூட்டிட்டு உங்ககிட்ட மாவு வாங்கி விக்க வரணும்."

"ஏறினாலும் ட்யூபுக்கு எட்டாத டயர் எடுங்க."

ஒன்றை எடுத்துப் போட்டார். கறுப்பு, லேசு. "இது மதி உங்களுக்கு, இதே போதும். மிதிக்கக் கஷ்டம் இருக்காது." நான் அதை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நூல் தூரத்தில் தூரத்தில் ஓடியிருந்தது, கொசுவலை மாதிரி. மடக்கினேன், ஓரத்தில் மெல்லிசாகக் கீறல் விட்டது. கடையில் ரொம்ப நாள் தொங்கிக் காய்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது ஓரம் சிவப்பாக, பார்க்க மினுமினுப்பாக இருந்தது. நகத்தால் அழுத்தினேன், நகம் பதிந்த தடம் அப்படியே நின்றது. ரொம்ப மெது. ஆணிக்கு வாழைப்பழம் மாதிரி இருக்கும். அதையும் கொடுத்துவிட்டேன்.

"காய்கறி வாங்குத மாதிரி நசுக்கி நசுக்கிப் பாக்கீங்களே அக்கா."

"காய்கறின்னா ஒரு நேரத்துக்கு. இது அப்படியா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏணி போட்டுப் பரணில் ஏறினார். தூசியோடு இரண்டு டயர் இறக்கினார். தடிமனாக, நடுவில் மேடு கட்டி, கட்டம் கட்டமாக வெட்டு. "இது மீன்காரர் போடுகது. சிலிண்டர் கொண்டுபோற பையன்மாரும் போடுவான். இருபத்தாறு இஞ்சில இது ரெண்டுதான் கிடக்கு, யாரும் கேக்கமாட்டான். ஆனா கனம் உண்டு அக்கா. ஏற்றத்துல மூச்சு வாங்கும்."

மடக்கிப் பார்த்தேன், மடங்கவே மாட்டேன் என்றது. உள்ளே நூல் நெருக்கமாக, பாய் பின்னினது போல. அழுத்தினால் என் நகம்தான் வலித்தது. புது ரப்பர் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு காலம் வரும்?"

"நீங்க ஓட்டுத ஓட்டத்துக்கு அஞ்சு வருஷம் சாகாது."

"இதைப் போடுங்க" என்றேன்.

அப்போதுதான் மூத்த மகன் பேசினான். அதுவரைக்கும் கடைவாசலில் ரோட்டைப் பார்த்து நின்றவன், திரும்பாமலேயே சொன்னான். "என்னத்துக்கும்மா இவ்வளவு கனமானது. அந்த லேசானதே போதும். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தானே."

கடைக்காரர் டயரை விரித்துப் பிடித்த கை அப்படியே நின்றது. அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும். கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் திரும்பினான். சொன்னது என்ன என்று அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு வந்துவிடுவான், அதனால் கொஞ்ச நாள்தான் என்று அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. அதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவனால் சொல்ல முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. டாக்டர் என்ன சொல்லியிருந்தார் என்று எனக்கு அந்த டயர்க் கடையில்தான் தெரிந்தது.

எங்கள் அம்மை வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சீக்காளி கிடக்கிற வீட்டில் எதையும் குறைத்து வாங்கக்கூடாது. அரிசி வாங்கினால் மூட்டையாக வாங்கவேண்டும். பாய் வாங்கினால் நல்ல கோரைப்பாயாக வாங்கவேண்டும். இப்போதைக்கு இது போதும் என்று கடையில் நின்று சொல்லவே கூடாது. சொன்னால் கிடக்கிறவனுக்கு நாமே நாள் குறித்துக் கொடுத்ததாக ஆகும். என் அம்மை அப்படித்தான் என் அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் வாங்கினாள். மூத்தவனுக்கு அது தெரியாததில்லை. அவன் மனசில் கிடந்தது வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, நான் சொன்னதைப் போடுங்க" என்றேன். "ரெண்டு சக்கரத்துக்கும்."

"முன்னால லேசு போட்டா உங்களுக்கு மிதி எளுப்பமா இருக்கும் அக்கா. பாரம் பின்னாலதான."

"ரெண்டுக்கும் போடுங்க. அஞ்சு வருஷம் வரணும்."

அவர் ஸ்பானரை எடுத்தார். பழைய டயரைக் கழற்றினார். பழைய ட்யூப் ஒன்றை நீளவாக்கில் கீறி, பட்டையாக்கி, புது டயருக்குள் சுற்றிலும் வைத்தார். ஆணி டயரைத் தாண்டினாலும் இந்தப் பட்டையில் நின்றுவிடும் என்றார். புது ட்யூபுக்குப் பவுடர் தடவினார். குளிப்பாட்டின பிள்ளைக்குத் தடவுகிற மாதிரி, ஒரு இடம் விடாமல். டயர் தடிமனில் மட்கார்டு உரசியது. கம்பியை வளைத்துத் தூக்கிவிட்டார். முடித்து நிமிர்ந்தபோது, "இனி ஒண்ணும் ஆகாது அக்கா" என்றார். டயரைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் மூத்தவன், "அம்மா, நான் அப்படி நினைச்சுச் சொல்லல" என்றான்.

"கஞ்சிக்கு நேரமாச்சு" என்றேன்.

கனமான டயர்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பேட்டை தாண்டும்போதே தொடை கடுக்கும். குமாரபுரம் ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாலும் மூச்சு வாங்கும். ஆனால் நாலு அடிக்கும்போது நான் கேட்டில் நிற்பேன். தோண்டிப் போட்ட ரோட்டில், உடைந்த சோடாப் பாட்டிலில், கருங்கல் ஜல்லியில், எதில் ஏறினாலும் அது பாட்டுக்குப் போகும். ஒரு நாள்கூட என்னை வழியில் விட்டதில்லை.

அவன் கட்டில் ஜன்னல் பக்கம். சைக்கிள்களை நிறுத்துகிற இடம் மேலேயிருந்து தெரியும். "சித்தி, மதில் ஓரமா நிறுத்தாதீங்க. வேப்பமரத்துகிட்ட நிறுத்துங்க, அப்பதான் தெரியும்" என்றான். முதல் நாளே டயரைக் கண்டுகொண்டான்.

"என்னது சித்தி, மீன் யாவாரம் தொடங்கிட்டீங்களா?"

"ஆமா. நாளைக்கு நெய்மீன் கொண்டாரேன். வாயத் தொற."

ஒரு ஸ்பூன் வாங்கினான். விழுங்க நேரமானது. "காத்து ரொம்ப அடிக்காதீங்க. வெயில்ல நிக்குத வண்டி. கட்டைவிரலால அமுக்கினா லேசாக் குழியணும்."

"சரி."

"எவ்வளவு காலம் வரும்னு சொன்னாரு?"

"அஞ்சு வருஷம்."

கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "எனக்குச் சேராதே. என் வண்டி இருபத்தெட்டு இஞ்சுல்லா" என்றான்.

"உனக்கு அதே மாதிரி இருபத்தெட்டுல வாங்குவோம். அந்த அண்ணாச்சிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லி வைத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ச் சொல்லிவைத்தேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வந்ததும் எடுத்து வைக்கேன் அக்கா" என்றார்.

நாலு மணிக்கு நான் வேப்பமரத்தடியில் இறங்கி நிமிர்ந்து பார்ப்பேன். ஜன்னலில் அவன் கை தெரியும். போகப்போகக் கை தூக்க முடியாமல் ஆனது. அப்போது அவிய அவன் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். நான் மணியடிப்பேன். ஆஸ்பத்திரியில் மணியடிக்கக்கூடாது என்று ஒருத்தர் சத்தம் போட்டார். காவல்காரர் அவரைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை.

மழை பெய்து விட்டிருந்த ஒரு நாள். எப்போதும் போல நாலு மணிக்குப் போய் இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் யாரும் இல்லை. அவிய கீழே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். மேலே இருக்கவேண்டிய மனுஷர் கீழே நின்றார்கள். நான் ஸ்டாண்டு போட்டேன். தூக்கை எடுத்தேன். கஞ்சி சூடாக இருந்தது.

"கஞ்சி வேண்டாம்" என்றார்கள்.

நான் நேரத்துக்குத்தான் போனேன். அதை எழுதிவைக்க வேண்டும் என்று இருந்தது. வழியில் ஒரு தடங்கல் இல்லை, டயரில் ஒரு பொட்டுக் காற்று குறையவில்லை. கேட் திறந்துதான் இருந்தது.

ஆஸ்பத்திரி வேனில் அவனை ஏற்றினார்கள். நானும் அவியளும் கூட ஏறினோம். சைக்கிள் மரத்தடியிலேயே நின்றது. காவல்காரர் பார்த்துக்கொள்வார், நாளைக்கு எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மூத்தவன் போய் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

வேன் எங்களோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவனைக் கூடத்தில் கிடத்தி, விளக்கேற்றி, ஊருக்குப் போன் பண்ணி, சனம் கூட ஆரம்பித்துவிட்டது. மூத்தவனைக் காணவில்லை. சைக்கிளில் வருகிறவனுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. ரொம்ப நேரம் கழித்து வந்தான். உருட்டிக்கொண்டே வந்தான். வேட்டி முழங்கால்வரை சேறு.

"பஞ்சரா?" என்று அவிய கேட்டார்கள்.

"இல்லப்பா."

"பின்ன ஏறி வரவேண்டியதுதானடா."

"ஏற முடியல" என்றான்.

ஆஸ்பத்திரியிலிருந்து சாலைக் கடைத்தெருவரை நடந்தே தள்ளியிருக்கிறான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தத் தடி டயரைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நான் போய் அவன் தலையில் கை வைத்தேன். "வா, மக்களே" என்றேன். அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் அந்த டயர்க் கடையைப் பற்றி இதுவரைக்கும் பேசினதில்லை.

பதினாறு கழிந்து நான் மறுபடி மாவு எடுத்தேன். வேறு சைக்கிள் கிடையாது. கிழக்கேகோட்டைத் தெருக்களில் அந்த டயரில்தான் போனேன். சமமான ரோடு, ஏற்றம் இல்லை, ஆணி இல்லை. அப்படிப்பட்ட ரோட்டுக்கு அந்த டயர் தேவையே இல்லை. தினமும் குனிந்து பார்ப்பேன். தேயவே இல்லை. ஓரத்து ரப்பர் மயிர்கூடப் பாதி அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வரும். வேண்டுமென்றே ஜல்லி கொட்டிய பக்கமாகப் போவேன். வெயிலில் நிறுத்துவேன். அது தேய்ந்து தீர்ந்தால் நான் வேறு டயர் போட்டுவிடலாம் என்று இருந்தது. நல்ல சாமான். ஒன்றும் ஆகவில்லை. அக்கிரகாரத்து மாமி ஒரு நாள், "நல்ல டயரா போட்டிருக்கியே, எங்கே வாங்கினே? எங்காத்துப் பையனுக்கு வேணும்" என்றாள். கடையைச் சொன்னேன்.

என் முழங்கால் தேய்ந்து நான் சைக்கிளை விடும்போதும் அந்த டயரில் வெட்டு தெரிந்தது.

எழுதியாகிவிட்டது. எழுத்து எல்லாம் ஏறி இறங்கிக் கிடக்கிறது, என் கண்ணுக்கே பிடிபடவில்லை. மூத்தவன் மகள் பக்கத்தில் இருக்கிறாள். மலையாளத்தில் படித்த பிள்ளை, தமிழ் அவளுக்கும் என்னை மாதிரிக் கூட்டிக் கூட்டித்தான் வரும். இங்கே வா மக்களே. முதலில் இருந்து வாசி, சத்தமாக வாசி. நடுவில் உன் அப்பா கடையில் நின்று ஒன்று சொல்கிற இடம் வரும். அதை வாசிக்கும்போது நிறுத்தாதே. தள்ளிக்கொண்டு வந்த இடம்வரைக்கும் ஒரே மூச்சில் வாசித்துவிடு. அவன் அடுத்த அறையில்தான் இருக்கிறான். கேட்கட்டும்.